கேழ்வரகு வந்துவிட்டது, களி எங்கே?

ஒருவன் சிறைக்குப் போகப் போகிறான் என்பதைச் சொல்ல 'களி தின்னப் போகிறான்' என்கிறோம். திரைப்படத்திலும் மேடைப் பேச்சிலும் திண்ணை வம்பிலும் இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. சிறைகளில் ஒரு காலத்தில் கைதிகளுக்குக் கேழ்வரகுக் களி போட்டதிலிருந்து வந்த வழக்கு அது. ஆனால் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் களை எடுக்கவும் கடலை பிடுங்கவும் மரவள்ளிக் கிழங்கு வெட்டவும் போகிறவர்களுக்கு அதே களிதான் தலைமுறை தலைமுறையாக மதியச் சாப்பாடு. வெயிலில் முதுகு வளைந்தவர் உண்ணும் உணவின் பெயரைத் தண்டனைக்குப் பெயராக்கி வைத்திருக்கிறோம். அதைச் சொல்லும்போது யாருக்கும் நாக்கு கூசுவதில்லை. தருமபுரி மாவட்டத்தில் அரசு இன்று கேழ்வரகை உழவரிடம் விலை கொடுத்து வாங்குகிறது, ரேஷன் கடை வழியாகக் கொடுக்கவும் செய்கிறது. அது நல்ல காரியம். ஆனால் பாதி வழியில் நிற்கிற காரியம். அந்தக் கேழ்வரகைச் சமைத்து, உழைக்கிறவர் கைக்கெட்டும் இடத்தில், மதிய வேளையில், சூடாகப் பரிமாறும் பொறுப்பையும் அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

களியை எளிய உணவு என்கிறார்கள். சேர்மானத்தைப் பார்த்தால் எளிமைதான்: கேழ்வரகு மாவு, தண்ணீர், கொஞ்சம் அரிசி நொய், உப்பு. செய்முறையில் அந்த எளிமை கிடையாது. பானையில் நொய்யை வேகவிட்டு, அது குழைந்து கொதிக்கும்போது மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி போட வேண்டும். தண்ணீர் அந்தக் குழி வழியாகப் பொங்கி மேலேறி மாவை வேகவைக்கும் வரை தீயை அடக்கி எரிக்க வேண்டும். பச்சை வாசனை போய் வெந்த வாசனை வந்ததும் பானையை இறக்கி, அது நகராதபடி காலால் அணைத்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டி விழாமல் கிண்ட வேண்டும். தோள்பட்டை நோகும் வேலை அது. பிறகு ஈரத் தட்டில் கொட்டி, கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து உருட்டினால், மேலே பளபளப்பும் உள்ளே ஆவியுமாக ஓர் உருண்டை கிடைக்கும். நடுவில் குழித்து, கொள்ளுக் கடைசலோ அவரைக்கொட்டைக் குழம்போ கீரையோ, வசதிப்பட்ட நாளில் கருவாட்டுக் குழம்போ ஊற்றிக்கொண்டு, விள்ளல் விள்ளலாகப் பிட்டு, பல்லில் படாமல் விழுங்குவார்கள். மீந்ததைத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். தொட்டுக்கொள்ள ஒரு வெங்காயமும் பச்சை மிளகாயும் போதும். தூக்குப் போசியில் போட்டுக் காட்டுக்கு எடுத்துப் போனால் உச்சிப்பொழுது வரை கெடாது. பசியை நெடுநேரம் தள்ளிப்போடும். காட்டு வேலைக்கென்றே அளந்து செய்ததுபோல அமைந்த சாப்பாடு.

உலகத்தில் எங்கெல்லாம் மண்ணைக் கிளறிப் பிழைத்தார்களோ அங்கெல்லாம் இப்படி ஒரு மதியச் சாப்பாடு இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் அது ரொட்டி, பாலாடைக்கட்டி, வினிகரில் ஊறிய வெங்காயம் அல்லது காய்கறி ஊறுகாய். துணியில் முடிந்து எடுத்துப் போய் வேலியோரம் உட்கார்ந்து தின்னக் கூடியது. அடுப்பு வேண்டாம், தட்டும் வேண்டாம். இன்று இங்கிலாந்தின் மதுக்கூடங்களில் 'பிளவ்மேன்ஸ் லஞ்ச்', அதாவது 'ஏரோட்டியின் மதிய உணவு' என்ற பெயரில் அது விலைப்பட்டியலில் நிற்கிறது. பழங்காலத்திலிருந்தே அந்தப் பெயரோடு வந்துகொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வால்டர் ஸ்காட்டைப் பற்றி 1837-இல் வெளிவரத் தொடங்கிய வாழ்க்கை வரலாற்றில் ஏறக்குறைய அதே சொற்கள் தென்படுவது உண்மை. ஆனால் அதை ஊரறிந்த பெயராக்கியது விளம்பரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய பாலாடைக்கட்டிப் பங்கீடு 1954-இல்தான் முடிவுக்கு வந்தது. அத்தனை ஆண்டுகள் அளந்து தின்று பழகிய மக்களை மறுபடி நிறைய வாங்க வைக்க வேண்டியிருந்தது. பாலாடைக்கட்டி விற்பனையைப் பெருக்க அமைந்த சீஸ் பீரோ 1950-களில் இந்தச் சாப்பாட்டை மதுக்கூடங்களில் பரப்பியது. 1960-களில் பால் விற்பனை வாரியம் அதை நாடு முழுவதும் கொண்டுபோனது. 1983-இல் ரிச்சர்ட் அயர் இயக்கி, இயன் மக்யூவன் எழுதிய ஒரு திரைப்படம் இதே பெயரை வைத்துக்கொண்டு, இது விளம்பரக்காரர்கள் உருவாக்கிய பழமை என்று பேசியது.

இதைப் படித்துவிட்டு 'எல்லாம் வியாபாரம்' என்று தள்ளிவிடுவது எளிது. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். உணவு பழையதுதான், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் ஆங்கிலேயக் கூலிக்காரர் நூற்றாண்டுகளாகத் தின்றவை. புதிதாக நடந்தது என்னவென்றால், விற்க வேண்டிய சரக்கு கையில் இருந்த ஒரு பொது வாரியம், சரக்கை மட்டும் விற்கக் கிளம்பாமல், அதை ஒரு வேளைச் சாப்பாடாக்கி, பெயர் வைத்து, மக்கள் ஏற்கெனவே போய்வரும் இடத்தில் தட்டில் வைத்தது. அதனால் பால் பண்ணைக்காரர்களுக்குச் சந்தை கிடைத்தது. அதில் ஒரு வருத்தமும் உண்டு. அந்தத் தட்டு மதுக்கூட மேசைக்கு வந்தபோது ஏர் பூட்டிய குதிரைகள் போய் டிராக்டர் வந்துவிட்டது. ஏரோட்டி பெயரில் மட்டுமே மிஞ்சினார். தருமபுரியில் நிலைமை இதற்கு நேர் எதிர். களி உண்ணும் உழைப்பாளி இன்னும் நம் கண்முன் இருக்கிறார். அவருடைய களிக்குத்தான் பொது இடம் எதுவும் இல்லை.

இருக்கிற திட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2023-இல் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களில் சோதனை முயற்சியாக, ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு அரைக் கிலோ. ஓர் உருண்டைக்குச் சுமார் 100 கிராம் மாவு என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு மாதத்தில் ஐந்து மதியச் சாப்பாடு. அதுவும் தானியமாக. அதைக் கல் நீக்கி, புடைத்து, காயவைத்து, மாவு மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வர வேண்டும். இரண்டு கிலோவுக்காக மில்லுக்கு நடப்பவர்கள் எத்தனை பேர்? அதன்பிறகு மேலே சொன்ன துடுப்பு வேலை. ரேஷன் கடையின் மூட்டைக்கும் உழைப்பாளியின் தட்டுக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தூரம் முழுவதையும் பெண்ணின் கையும் தோளும்தான் கடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணோ இப்போது விடிகாலையிலேயே கம்பெனி வேனைப் பிடிக்கிறார், அல்லது நடவுக்கோ தக்காளி பறிக்கவோ கிளம்புகிறார், அல்லது குடும்பத்தோடு பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அவருக்குக் குக்கரில் இரண்டு விசிலில் இறங்கும் சோறு பெரிய விடுதலை. களி ஏன் வீட்டை விட்டுப் போனது என்று கேட்பவர்கள் நாகரிக மோகத்தைக் குறை சொல்கிறார்கள். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைப்பதும், வீட்டுப் பெண்ணின் நேரம் வெளிவேலைக்குப் போனதும் அதைவிடப் பெரிய காரணங்கள். அவரை மறுபடி துடுப்பைப் பிடிக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அந்த வேலைக்குக் கூலி கொடுத்துப் பொது அடுப்பில் செய்விக்கலாம்.

இதற்கு எழும் மறுப்புகளில் ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். அரிசிச் சோறு இந்த மாவட்டத்து ஏழைகளுக்கு வெறும் உணவாக இருந்ததில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் நெல்லுச் சோற்றைக் கண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பண்ணையார் வீட்டில் சோறு வடித்த கஞ்சி வாசனை தெருவரை வரும். பண்ணையாளுக்குப் பின்வாசலில் களியும் கூழும். சேரியில் பிறந்தவருக்கு அந்தக் களி இரட்டை அவமானமாக நினைவில் நிற்கிறது. அப்படிப்பட்டவரிடம் போய், 'உங்கள் பாரம்பரிய உணவு உயர்ந்தது, அதற்குத் திரும்புங்கள்' என்று சோற்றில் கைவைத்துக்கொண்டே சொல்வது கொடுமை. ஆகவே இரண்டு நிபந்தனைகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அரிசியைக் குறைத்துக் கேழ்வரகைத் தருவது கூடாது. இப்போதைய திட்டத்தில் 2 கிலோ அரிசிக்கு ஈடாகத் தருவதை மாற்றி, அரிசிக்கு மேலே கூடுதலாகத் தர வேண்டும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமே அரிசி, கோதுமையோடு சிறு, பருந்தானியங்களையும் உரிமைப் பொருளாகச் சேர்த்திருக்கிறது. அது ஏழைக்கான இரண்டாந்தர மாற்றாக எழுதப்படவில்லை. அடுத்து, களி விற்கும் இடத்தில் சோறும் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே மேசையில், ஒரே மாதிரித் தட்டில். மாவட்ட ஆட்சியர் அலுவலகச் சிற்றுண்டிச் சாலையில் கிடைக்காத களியைக் கூலிக்காரருக்கு மட்டும் பரிந்துரைப்பது சரியாகாது. விருப்பத்தோடு கேட்டு வாங்குகிறபோதுதான் ஓர் உணவின் மேல் படிந்த அவமானம் கழுவப்படும்.

'யார் கேட்டு வாங்குவார்கள்?' என்பது அடுத்த கேள்வி. கோடையில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்கும் வெளியே வந்து பார்க்கலாம். கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் விற்கும் தள்ளுவண்டியைச் சுற்றி ஆட்டோ ஓட்டுநர், மூட்டை தூக்குபவர், கல்லூரிப் பையன், வக்கீல் குமாஸ்தா எல்லாரும் நிற்கிறார்கள். மோர் மிளகாய், சுண்டை வற்றல், மாங்காய்த் துண்டு, கருவாடு என்று கிண்ணம் கிண்ணமாகத் தொடுகறி. எந்த அரசு உதவியும் இல்லாமல் இது நடக்கிறது. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழுக்கு வரிசை நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மனுக்குப் படைக்கத் தகுந்தது மனிதருக்கு இழிவாக இருக்க முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இதே உருண்டை ராகி முத்தே என்ற பெயரில் சாதாரண உணவகம் முதல் பெரிய ஓட்டல் வரை கௌரவமாக இலையில் விழுகிறது. தொப்பூரிலிருந்து வடக்கே போகிற நெடுஞ்சாலையில் சில மணி நேரப் பயணத்துக்குள் ஒரே உணவின் மதிப்பு இப்படி மாறுகிறது என்றால், குறை உணவிலோ நாக்கிலோ இல்லை.

இன்னொரு புறம், கேழ்வரகுக்கு அளவுக்கு மீறிப் புகழ் சேர்ப்பவர்களையும் எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும். இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐ.நா. பொதுச்சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சிறுதானியம் சர்வரோக நிவாரணியாகி, வண்ணப் பொட்டலத்தில் பல மடங்கு விலையில் நகரத்துக் கடைகளில் உட்கார்ந்துவிட்டது. 'கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று' என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். மாவாக அரைத்துச் செய்த களியும் மாவுச்சத்துதான். பெரிய உருண்டைகளாக இரண்டு விழுங்கினால் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறவே செய்யும். ஆனால் பொய்ப் புகழை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சுவது கணிசமானது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் 10. பாலுக்கும் முட்டைக்கும் காசு போதாத வீட்டில் வளரும் பிள்ளைக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும் இந்த வித்தியாசம் எலும்பில் தெரியும். மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழில் அந்தச் சத்து உடம்பில் சேர்வதற்கும் வழி கூடுகிறது. களியோடு வரும் கொள்ளும் அவரையும் கீரையும் இதில் சரிபாதி. ராகிக் காட்டில் ஊடே அவரை விதைத்த இந்தப் பகுதி உழவர்கள், தட்டில் எது எதோடு சேர வேண்டும் என்பதை நிலத்திலேயே தீர்மானித்திருந்தார்கள். ஆகவே பொது அடுப்பில் சமைப்பதாக இருந்தால் களியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசலை விட்டுவிடக் கூடாது.

விளைச்சல் போதுமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சாதாரண ரக நெல்லுக்கு 2,369 ரூபாய். 2022-23-இல் கேழ்வரகின் விலை 3,578 ரூபாயாக இருந்தது. மூன்று ஆண்டுகளில் இவ்வளவு கூடியும் தக்காளி, மரவள்ளி, கரும்பு, மா என்று போன நிலங்கள் ராகிக்குத் திரும்பிவிடவில்லை. ஏனென்றால் கதிரைக் கையால் அறுக்க வேண்டும், போரடிக்க ஆள் வேண்டும். கதிர் முற்றும் நேரத்தில் பாலக்கோடு, ஒசூர், தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் யானைகள் வந்து இறங்கும். காட்டுப்பன்றி இன்னும் பரவலான தொல்லை. இரவெல்லாம் பரண் மேல் காவல் இருப்பவரின் கூலியை ஆதரவு விலை ஈடுகட்டுவதில்லை. யானை வந்து அழித்த ராகிக்கு இழப்பீடு விரைவாகவும் முழுதாகவும் கிடைத்தால் பயிரிடப் பலர் முன்வருவார்கள். அருகிலுள்ள பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 1, பையூர் 2 போன்ற ரகங்கள் மானாவாரிக்கு ஏற்றவை. தண்ணீர் குறைந்த இந்த மாவட்டத்துக்கு அது சிறிய விஷயம் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக உழவர் எதிர்பார்ப்பது நிச்சயமாக வாங்குகிற கை. ரேஷனில் இரண்டு கிலோ என்பது, ஒரு சோதனை முயற்சியை நிறுத்தியதும் நின்றுவிடும். பள்ளிக்கூடமும் விடுதியும் மருத்துவமனையும் மலிவு உணவகமும் அன்றாடம் சமைக்கத் தொடங்கினால், அந்தத் தேவை ஆண்டு முழுவதும் இருக்கும். இங்கிலாந்தின் பால் பண்ணைகளுக்கு மதுக்கூடத் தட்டு செய்து கொடுத்தது இதைத்தான்.

பள்ளிச் சத்துணவில் களியா, பிள்ளைகள் தொடுவார்களா, நூறு பேருக்குக் கிண்ட அமைப்பாளரால் முடியுமா என்று தயங்குபவர்கள் சொல்வதும் வெறும் சாக்கு அன்று. நூறு உருண்டைக்கு மனிதக் கையால் துடுப்புப் போடச் சொல்வதை நானும் ஏற்கமாட்டேன். கர்நாடகத்தில் களி கிண்டவும் உருட்டவும் இயந்திரங்கள் வந்துவிட்டன. நமக்கு அவை கிடைக்காமல் போகப் போவதில்லை. சிறு பிள்ளைகளுக்கு உருண்டையாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை: முருங்கைக்கீரை போட்ட அடை, வெல்லம் சேர்த்த புட்டு, இளம் கூழ் என்று அதே மாவுக்குப் பல உருவம் உண்டு. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் முடியாது என்றவர்கள் இருந்தார்கள். பிறகு முட்டை சேர்ந்தது, பயறு சேர்ந்தது, கலவைச் சோறு வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. சேர்க்கச் சேர்க்கத் தாங்கிக்கொண்ட அடுப்பு அது. தமிழ்நாட்டில் பிள்ளைகள் பள்ளியில் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து தின்ற உணவுக்கு இழிபெயர் ஒட்டுவது கடினம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஆட்சியர் மகளும் கூலிக்காரர் மகனும் ஒரே கேழ்வரகு அடையைத் தின்று வளர்ந்தால், இருபது ஆண்டு கழித்துக் 'களி தின்னப் போகிறான்' என்ற வசவு எவருக்கும் புரியாமல் போகக்கூடும்.

பணம் பெரிய தடையாக இருக்காது. ஆதரவு விலையில் பார்த்தால் ஓர் உருண்டைக்கான 100 கிராம் கேழ்வரகின் விலை ஐந்து ரூபாய்க்கும் கீழே. அரைவை, எரிபொருள், கடைசல், சமைப்பவர் கூலி எல்லாம் சேர்த்தாலும் கொஞ்சம் மானியத்தில் எளியவர் கைக்கெட்டும் விலைக்குக் கொடுத்துவிடலாம். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சோறும் மூன்று ரூபாய்க்குத் தயிர்ச் சோறும் கொடுத்துக் காட்டியிருக்கின்றன. கிராமத்து மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் பொறுப்பைக் கொடுத்தால், வீட்டில் கூலியில்லாமல் செய்த வேலைக்கு அந்தப் பெண்களுக்கே சம்பளம் கிடைக்கும். மாவட்டம் முழுவதும் ஒரே நாளில் திறக்க வேண்டியதும் இல்லை. பாலக்கோடு தக்காளி மார்க்கெட், தருமபுரி பேருந்து நிலையம், கரும்பு வெட்டும் பருவத்தில் கோபாலபுரம் சர்க்கரை ஆலை வாசல், பென்னாகரம் சந்தை என நான்கு இடங்கள் போதும். நிழலுக்கு ஒரு கூரை, கை கழுவத் தண்ணீர், உட்காரப் பலகை, எவர்சில்வர் தட்டு. காலையில் மோர் விட்டுக் கரைத்த கூழ், பகலில் களியும் கடைசலும், வேண்டுமென்பவருக்குச் சோறு. தக்காளி மார்க்கெட்டில் கூடை தூக்குபவர்கள் விடியுமுன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் பானை பதினொரு மணிக்கு இறங்கினால் அவர்களுக்குச் சரியாக இருக்கும்.